நிஜமானவள்

அறையில் இருந்தவர்கள்: பதிப்பாளர், மெய்ப்புப் பார்க்கும் அக்கா, அட்டைப்படம் வரைகிறவள், அவளுடைய நாற்காலியில் அச்சு அசலாக அவளைப் போலவே இன்னொருத்தி. கட்டைவிரலில் மைக்கறைகூட அதே இடத்தில் இருந்தது.

“இவங்கதான் நிஜ ஆர்ட்டிஸ்டாம்,” என்றார் பதிப்பாளர், நாற்காலியில் இருந்தவளைக் காட்டி. “நாலு மணிக்குள்ள அட்டை அச்சகத்துக்குப் போகணும். இல்லன்னா வேலை வெளியாளுக்குப் போயிடும். ரெண்டு பேர்ல யார் வேணா வரைங்க.”

தான் போலி, என்றாவது பிடிபடுவோம் என்று பதினொரு வருடமாகப் பயந்தவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பென்சிலைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

நிஜமானவள் ஒரு மூக்கை வரைந்தாள், அழித்தாள். ஏழாவது தடவை தாள் கிழிந்தது. “இது சரியா இருக்காக்கா?”

“இவளும் தினம் இதையே கேட்டுத்தான் உயிரை வாங்குறா,” என்றாள் அக்கா, ஓரமாக நின்றவளைக் காட்டி.

மணி மூன்றரை. “எந்திரிம்மா தாயே,” என்று அவளைக் கிளப்பிவிட்டு, வரைகிறவள் புதுத் தாளில் ஒரே மூச்சில் முகத்தை முடித்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்குள் அட்டை அச்சகத்துக்குப் போய்விட்டது.

“நாளைக்கும் வருவேன்,” என்றாள் நிஜமானவள்.

“வா. வரும்போது பேப்பர் வாங்கிட்டு வா.”

வாசலில் அவர்கள் இருவரின் கால் அளவில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. நிஜமானவள் அதை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்களும் கிளம்பியதும், வரைகிறவள் வெறுங்காலோடு நின்று கதவைச் சாத்திப் பூட்டினாள்.