சுவர் டாக்டர்

காளான் சுவர் வீடுகளில் புகை போடக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. சுவருக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடும். எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். சிமென்ட்டைத் தடை செய்துவிட்ட நகரத்தில் வேறு சுவருக்கு எங்கே போவது? ஆனாலும் வெண்மதி, குளிப்பாட்டிய கைக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டினாள். நாலு நாளாக அவனுக்கு நெஞ்சில் சளி.

சுவரே புகார் அனுப்பியிருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சுவர் டாக்டர் வந்துவிட்டார்.

“யாரும்மா புகை போட்டது? ஓரமெல்லாம் கறுத்துப்போச்சு பாருங்க.”

“வீடு பூரா ஈரம் சார். பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரியில பன்னெண்டாம் தேதிக்குத்தான் டோக்கன் குடுத்திருக்காங்க. அந்தக் குழாயை இவன் நெஞ்சுல ஒருதரம் வச்சுப் பாருங்களேன்.”

“நான் சுவருக்கு மட்டுந்தாம்மா பார்க்கறது.”

அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெண்மதி குழந்தையோடு அடுத்த அறைக்கு ஓடினாள். அவர் குழாய் வைத்த இடத்துக்கு நேர் பின்னால், குழந்தையின் நெஞ்சைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் டாக்டர் பதறினார். “ஐயோ, என்னமா இழுக்குது! உள்ள நீர் கோத்திருக்கு. இப்பவே ஊசி போடலைன்னா தாங்காது.”

அவள் திரும்பி வந்தபோது அவர் சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். குழந்தையின் டவுசரை இறக்கிவிட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

டாக்டர் சுவரைத் தடவி, வலிக்காத இடமாகப் பார்த்து ஊசியைக் குத்தினார்.