பதினேழாம் நம்பர்

"மேடம், பதினேழாம் நம்பர் குழந்தையோட குடல் துணுக்குல நிறமே ஏறல. சர்க்கரையைச் செரிக்கிற என்சைமே இல்ல போல," என்றார் உதவியாளர்.

"நிறமேத்துற ஆன்டிபாடி மருந்து கெட்டிருக்கும். வேற பாட்டில் போடு," என்றாள் ஆய்வகத் தலைவி.

"நீங்க சொன்னீங்கன்னு மூணு நாள்ல மூணு பாட்டில் மாத்தியாச்சு. மத்ததெல்லாம் பளிச்சுனு பழுப்பாகுது."

செல்போன் அடித்தது. தலைவியின் கணவன்.

"பாப்பாவுக்கு வயித்தால போறது நிக்கல. குடல்ல எடுத்த டெஸ்ட் என்னாச்சு?"

"ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க. சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டே இருங்க," என்று எரிந்து விழுந்தாள்.

உதவியாளர் விடவில்லை. "மேடம், இந்தக் குழந்தைக்குச் சர்க்கரை விஷம். உடனே சொல்லணும்."

"யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம்." எண்களுக்கு உரிய பெயர்களை எழுதி ஆஸ்பத்திரி ஒட்டி அனுப்பிய உறையைப் பிரித்தாள்.

பதினேழுக்கு எதிரே அவள் மகளின் பெயர்.

செல்போன் மறுபடி அடித்தது.

"ரெண்டு டம்ளர் குடிச்சுட்டா. இப்போ எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா."