ஓரத்தில் நின்று எடுத்த கல்யாணம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரிசப்ஷன் வீடியோவைத் திறந்ததுமே செல்வலட்சுமிக்கு எரிச்சல் வந்தது. மேடை எல்இடி திரையில் பொண்ணும் மாப்பிள்ளையும் பாசி படர்ந்த மாதிரி பச்சையாக இருந்தார்கள்.

"திரையை ஓரத்துல நின்னு எடுத்தா கலரு மாறும்னு எத்தன தடவ சொல்லுறது?"

"நடுவுல நிக்க இடமில்லட்டி. நீதான் சரி பண்ணிருவியே," என்றான் கேமராக்காரப் புருஷன் சிவபாண்டி, சட்டையை மாட்டிக்கொண்டே.

எப்போதும் அப்படித்தான். அவன் எடுப்பான், இவள் ராஜபாளையத்து வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருத்துவாள். திரையின் நிறத்தை மாற்றும்போது, பக்கத்தில் மைக்கோடு நிற்கும் தொகுப்பாளினியின் முகம் மாறிவிடக் கூடாது. அந்தப் பெண்ணைச் சுற்றி மெல்லக் கோடு போட்டு ஒதுக்கினாள்.

கோடு காதோரம் வந்ததும் கை நின்றது. இதே ஜிமிக்கியைச் சுற்றிப் போன மாதமும் கோடு போட்டிருக்கிறாள்.

பழைய வீடியோக்களைத் திறந்தாள். மண்டபம் வேறு, மணமக்கள் வேறு. அந்த ஓரமும் அந்தப் பெண்ணும் மட்டும் மாறவில்லை. எல்லாவற்றிலும் திரை மங்கல். அவளுடைய இமைமுடி வரைக்கும் துல்லியம்.

"கலரு சரியாச்சா? சாயங்காலம் தளவாய்புரத்துல கல்யாணம். கிளம்புதேன்," என்றான் சிவபாண்டி.

செல்வலட்சுமி எழுந்து கேமரா பையைத் தன் தோளில் மாட்டினாள்.

"இன்னைக்கு நான் நடுவுல நின்னு எடுக்கேன். நீங்க உக்காந்து அவளைச் சுத்திக் கோடு போடுங்க."