கொடிச்சோறு

"மாசம் முதல் தேதியில விலாங்கு மீன் சுடறியே, உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?"

டிபன் கடை வாசலில் நின்றபடியே கேட்டாள் மிசாவோ, நூல் மில் விடுதியின் வார்டன். செருப்பைக் கழற்றி உள்ளே வரக்கூட அவளுக்கு மனசில்லை.

கடையை நடத்தும் சமையல்காரி தோமே தலையைத் தூக்கவில்லை. கரி அடுப்பை விசிறிக்கொண்டே இருந்தாள்.

சீனாவில் சண்டை மும்முரமானதிலிருந்து, மாசம் முதல் தேதி என்றால் ஜப்பான் முழுக்க விரதம் மாதிரிதான். சாராயக் கடை கிடையாது. டிபன் பெட்டியில் வெறும் வெள்ளைச் சோறு, நடுவில் உப்பில் ஊறின சிவப்புப் பிளம் ஒன்று. மூடியைத் திறந்தால் அப்படியே தேசக்கொடி. போர்முனையில் வீரர்கள் படும் கஷ்டத்தில் நமக்கும் பங்கு என்று அர்த்தம்.

"எனக்கா சுடறேன்? கவுன்சிலர் ஐயாவுக்கு," என்றாள் தோமே. "இன்னிக்கு மில்லுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து கொடிச்சோறு சாப்பிடப் போறாராம். பத்திரிகைக்காரர் வேற வர்றார். மேல சோறு, நடுவுல பிளம், அடியில விலாங்கு. மேடையில அவரோட உட்கார்ற நாலு பேருக்கும் அதேதான்."

மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவுன்சிலர் குரோனுமாவுக்கு மேடை ஏறினால் 'தியாகம்' என்ற வார்த்தையைச் சொல்லாமல் இறங்கத் தெரியாது. சண்டைக்கு முன்னால் அவருக்கு ஒரே ஒரு அரிசிக் கிட்டங்கி. இப்போது மூன்று. மில்லுக்கு அரிசி அளப்பவரும் அவர்தான். நல்ல அரிசி பின்வாசல் வழியாக மேல்விலைக்குப் போகும். விடுதிக்கு நொய்தான் வரும்.

"போன வாரம் உன் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேனே, தோமே! என் விடுதிப் பிள்ளைங்க அஞ்சு பேருக்கு மாலைக்கண். ஈரலோ விலாங்கோ கொடுத்தா சரியாகும்னு டாக்டர் சொன்னார். கையை விரிச்சே. கினு நேத்து சாயங்காலம் மெஷின் மேலயே விழப் பார்த்தா. இன்னொரு தரம் இப்படி ஆனா ஊருக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். அவ சம்பளத்துலதான் அவ வீட்டுல அடுப்பே எரியுது."

"அன்னிக்கு என்கிட்ட மீன் இல்லை. இன்னிக்கும் இது என் மீன் இல்லையே. முடியாதுன்னு சொன்னா நாளைக்கே என் கடைக்கு அரிசி நின்னுடும்."

"அவரை நல்லா ஊட்டி வளர்த்து விடு!"

மிசாவோ விருட்டென்று திரும்பி நடந்தாள்.

மத்தியானம் மில் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் குரோனுமா முழங்கிக்கொண்டிருந்தார்.

"பசி என்பது வயிற்றில் இல்லை, கண்மணிகளே, மனசில் இருக்கிறது! மனசில் தேசம் இருந்தால் பசி ஏது?"

வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தோமே சிரித்தபடியே ஒவ்வொருத்தி கையிலும் பெட்டியைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். மிசாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூடிகள் திறந்தன. கூடம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொடிகள். எல்லாரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கினு மிசாவோவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, என் சோத்துக்கு அடியில ஏதோ இருக்கு..."

மிசாவோ எட்டிப் பார்த்தாள். சோயா சாஸில் பளபளக்கும் விலாங்குத் துண்டு! மாலைக்கண் பிள்ளைகள் மற்ற நாலு பேரும் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதே. தின்னு, சீக்கிரம்!"

மேடையில் குரோனுமாவின் குச்சிகள் சோற்றைத் தோண்டின. இன்னும் ஆழமாகத் தோண்டின. பெட்டியின் அடிப்பலகையில் டக்கென்று இடித்தன. விலாங்கு வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்து மூக்கைத் துளைத்தது. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"அப்படியே இருங்க ஐயா! கொடியைப் பார்த்துக் கண் கலங்கறீங்க, பிரமாதம்!" என்று பத்திரிகைக்காரர் படம் பிடித்தார்.

குரோனுமா தோமேயைச் சைகை காட்டி அழைத்தார். "பெட்டி மாறிப்போச்சு," என்று பல்லைக் கடித்தார்.

"ஐயையோ, மாறிப்போச்சா?" தோமேயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ஐயா பெட்டியில என்ன இருக்கணும்? சொல்லுங்க, இப்பவே தேடித் தர்றேன்!"

பத்திரிகைக்காரர் பென்சிலை எடுத்தார்.

"ஒ... ஒண்ணுமில்லை. பிளம். ரொம்ப நல்ல பிளம்."

இப்போது மிசாவோ எழுந்தாள். பொய் என்றாலே முகம் சுளிக்கும் மிசாவோ, ரொம்பப் பணிவாகக் குனிந்து வணங்கினாள்.

"ஐயாவோட தியாகத்தைப் பார்த்து எங்க பிள்ளைங்க உருகிப் போயிட்டாங்க. மாசத்துக்கு ஒரு நாள் பத்தாதுங்க. வாராவாரம் வந்து எங்களோட கொடிச்சோறு சாப்பிடணும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கினுவின் கைதான் ஓங்கித் தட்டியது. பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். குரோனுமா தலையாட்டாமல் என்ன செய்வார்?

காலிப் பெட்டியை எடுக்க வந்த தோமே அவர் காதருகே குனிந்தாள்.

"அப்போ வாராவாரம் மீனை அனுப்பிடுங்க ஐயா. அனுப்பலேன்னா, இன்னிக்கு ஐயாவோட மீன் யார் பெட்டியில கிடைச்சதுன்னு பிள்ளைங்க வெளியில பேசிடும். சின்னப் பிள்ளைங்க பாருங்க, விவரம் பத்தாது."

"அடுத்த தடவையாவது பெட்டி மாறாம இருக்குமா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கறேன்."

மீன் வாராவாரம் தவறாமல் வந்தது. பெட்டியும் வாராவாரம் தவறாமல் மாறியது.