கேரவன் முதுகு ஸ்டிக்கர்

பாலைவனப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கக் கிளம்பிய கேரவன், பைக்கைத் தன் முதுகில் கட்டித் தூக்கிப் போனது. பாதை குறுகினால் கேரவன் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே நின்றுவிடும். பைக்தான் பாறையில் உரசி, மணலில் புதைந்து, இறங்கி ஏறும். ஆனால் முதலாளி, பார்த்த இடத்தின் ஸ்டிக்கரைக் கேரவன் முதுகில்தான் ஒட்டுவார். பைக்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றும் அப்படித்தான். உடம்பெல்லாம் செம்புழுதியோடு ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. புது ஸ்டிக்கரைப் பார்த்து, "கீழே எப்படிங்க இருந்துச்சு?" என்றது.

"டேய், சீக்கிரம் சொல்லுடா," என்று கேரவன் பைக்கிடம் கிசுகிசுத்தது.

"அருவி கொட்டுதுண்ணே," என்றது பைக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அடடா, என்ன அருவி! தொப்பலா நனைஞ்சுட்டேன்!" என்றது கேரவன் ஜீப்பிடம்.

"நான் இப்பதான் அங்கிருந்து ஏறி வர்றேன். சொட்டுத் தண்ணி இல்லையே?" என்றது ஜீப்.

கேரவன் சீறியது: "என்னை ஏன்யா கேக்குறே? போனவன் அவன்தானே!"