மிச்சமிருந்த நாள்

மழையில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஃபாதர் காரை மெதுவாக்கினார். பாலத்து நடைபாதையில் முன்னால் போகிறவர் யூத குருவான ரபி நப்தலி. கறுப்புக் கோட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பள்ளிவாசல் இமாம், காயல்பட்டினத்துக்காரரான மகுதூம் ஹஜ்ரத். ஹஜ்ரத்தின் கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை.

இருவரும் ஃபாதர் நடத்தும் கூட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். மாதா கோவில் கூடத்துக்கு இன்னும் முக்கால் மணி நேர நடை இருக்கிறது.

கண்ணாடியை இறக்கினார். ஏறிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட வாயெடுத்தார்.

அப்போதுதான் உறைத்தது.

இன்று சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாள். வண்டியில் ஏறக் கூடாது. பேனா பிடிக்கக் கூடாது. குடை விரிக்கக் கூடாது.

இதையெல்லாம் மதுரைக் குருமடத்தில் பதினோரு வருடம் பாடம் நடத்தியவர் அவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

டொராண்டோவுக்கு மாற்றலாகி வந்து, மூன்று மதத்தாரும் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம் என்று ஆரம்பித்ததும் அவர்தான். வார நாளில் ஆள் சேராது. வெள்ளி ஹஜ்ரத்துக்கு ஆகாது. ஞாயிறு தனக்கு ஆகாது. மிச்சம் சனிதான் என்றார்.

ரபி ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு, வருகிறேன் என்றார்.

அந்த ஒரு கணத்தை ஃபாதர் பார்க்கத்தான் செய்தார். கேட்கவில்லை. கேட்டால் வேறு நாள் தேட வேண்டியிருக்கும்.

மூன்று வருடம் ஆகிவிட்டது.

நனைந்து வரும்போதெல்லாம், நடை உடம்புக்கு நல்லதுதான் ரபி என்று கேலி பேசியிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் ரபி ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. பெரியவரின் சோம்பல் என்று நினைத்துத் தானே பெயரை எழுதிக்கொண்டார். போன ஆண்டு விழாவில், எல்லோரும் கைதட்ட, ஒரு நல்ல குடையைப் பரிசாகக் கொடுத்தார். ரபி அதைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். அந்த மறதியைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் அவர்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

இறங்கி அவர்களோடு நடந்திருக்கலாம். கண்ணாடியை ஏற்றினார். பார்க்காதவர் போலக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஃபாதர் உடம்பில் ஒரு சொட்டு மழை படவில்லை. அதுவே கூசியது.

ரபியும் ஹஜ்ரத்தும் வந்து சேர்ந்தார்கள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று ரபி வழக்கம்போலச் சொல்லிவிட்டு, ஹீட்டர் பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

ஹஜ்ரத் ஃபாதர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“பாலத்துகிட்ட ஒங்க காரப் பாத்தேன் ஃபாதர். ரபி பாக்கல. ஒங்களுக்கு வெக்கமாப் போயிருமேன்னுதான், சனிக்கிழமையப் பத்தி ஃபாதர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கன்னு மொத மாசமே எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் காரை அவரு வீட்டு வாசல்ல விட்டுட்டு கூட நடந்துருவேன்.”

அப்படியானால் மூன்று வருடமும் ஹஜ்ரத் கூடவே நடந்து வந்திருக்கிறார்.

அன்று ஃபாதர் பேச வேண்டியது விருந்தோம்பலைப் பற்றி. கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், வழிப்போக்கர் மூன்று பேரைக் கண்டதும் எழுந்து ஓடிய கதை. மூன்று மதத்தாருக்கும் பொதுவான கதை. ஓடினார் என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்தார். ரபி கவலையோடு பார்த்தார்.

முடிவில் அடுத்த மாதத் தேதியை அறிவிக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், ரபி மூன்று வருடம் கட்டிக் காத்தது எல்லோர் முன்னாலும் உடைந்துபோகும். சொல்லாவிட்டால் இன்னொரு சனிக்கிழமை.

இனிமேல் ஞாயிறு சாயங்காலம் கூடுவோம் என்றார். சனிக்கிழமை எனக்குத் தோதுப்படவில்லை, உங்களையெல்லாம் சிரமப்படுத்துகிறேன், மன்னியுங்கள் என்றார்.

ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரபி எழுந்து வந்தார். ஈரக் கோட்டோடு, இரண்டு கைகளாலும் ஃபாதர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு நாளும் கஷ்டத்தை மனசிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்களா, ஃபாதர்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”