புத்தளம் உள்ளேயா வெளியேயா

செல்வமலர் நீட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூன்று சங்கத் தலைவர்களும் போனை அணைத்துப் போட்டார்கள்.

உள்ளே கதைப்பது வெளியே போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் மற்ற இரண்டு பேர்மேலும் சந்தேகம்.

ஹேர்னிங் பாடசாலை ஒன்றின் வகுப்பறை. மேசையில் தனிநாட்டு வரைபடம், அதற்கடியில் கிளிப்பில் சேர்த்து, போரை நிறுத்தக் கேட்கும்படி மூவரும் சொல்லி அவள் டேனிஷில் எழுதிய கடிதம்.

மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் வெளியுறவு அமைச்சில் பேசப் பத்து நிமிடம். கொண்டுபோவதும் அவள்தான். மூவரில் ஒருவர் போக மற்ற இருவரும் விடமாட்டார்கள்.

கோப்பன்ஹேகன் ரயில் பதினொன்றே காலுக்கு. அவளுடைய அக்கா குடும்பம் வன்னிக் கடற்கரையில், பதுங்குகுழிக்குள். மூவருக்கும் தெரிந்தது அது.

சண்டையோ புத்தளம் அந்த நாட்டுக்குள் வருமா வராதா என்பதற்கு.

"புத்தளம் இல்லாத மாப்பில நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் மரியரட்ணம்.

"ஓம், உங்கட மாமியார் வீடு அங்கயெல்லோ!" சிவபாலன் இளித்தார். "வளவோட சேர்த்து நாட்டுக்குள்ள போடுவம்."

மரியரட்ணம் கதிரையை உதைத்துவிட்டு எழுந்தார். குருசுமுத்து ஓடிப்போய்க் கதவை மறித்தார். சமாதானத்துக்கு அல்ல. தன் சங்கத்தின் பெயர் முதலாவதாக வரவேண்டும் என்று சொல்வதற்கு.

மணி பத்து ஐம்பது.

செல்வமலர் சிவப்புப் பேனாவை எடுத்துப் புத்தளம் உள்ளே வர ஒரே இழுப்பாக எல்லை போட்டாள். கடிதத்தின் கடைசித் தாளில் மூன்று சங்கங்களின் பெயரையும் வட்டமாக எழுதினாள். வட்டத்தில் முதலாவது ஏது?

"வையுங்கோ அண்ணை. நாடு கிடைச்சாப் பிறகு ஆறுதலா அடிபடுங்கோ."

முறைத்தபடியே வைத்தார்கள். எல்லைக்கோடு நேராக இருக்கிறதா என்று மூவரும் குனிந்து பார்த்தார்கள். கடிதத்தின் முதல் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. டேனிஷ் என்றால் மலருக்கு விட்டுவிடுவது அவர்களின் பழக்கம்.

ரயில் நகர்ந்த பிறகு அவள் வரைபடத்தைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்று விடிய ஐந்து மணிக்கே, யாரோ ஒருவரின் போனிலிருந்து அக்கா எடுத்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, அத்தானும் மூத்தவனும் கையைத் தூக்கிக்கொண்டு ராணுவத்திடம் போய்விட்டார்கள் என்றாள். அதோடு லைன் அறுந்தது.

ஆறு மணிக்குள் செல்வமலர் கடிதத்தை மாற்றி எழுதி முடித்திருந்தாள்.

அதில் இருந்தது இரண்டு பெயர், இரண்டு பிறந்த திகதி, இவர்கள் இப்போது எங்கே என்ற ஒரேயொரு கேள்வி.